இடது இடுப்பில் ஒரு சூடு

விழுப்புரத்தில் பேட்டரிக் கடைக்கு மேலே இருந்த அந்த அறையில் வந்து உட்கார்ந்த பிறகும் ஜெசிந்தா பையைக் கீழே வைக்கவில்லை. மடியிலேயே இறுக்கிப் பிடித்திருந்தாள். படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் போலீஸ்தான் வருகிறது என்று அவளுக்குத் தோன்றியது.

எதிரே இருந்த டாக்டர் இசைவாணி அவளை அவசரப்படுத்தவில்லை. பல வருஷம் அரசுப் பணியில் பிணப்பரிசோதனை செய்தவர் அவர். இப்போது வக்கீல்களுக்கும் போலீஸுக்கும் பிடிபடாத மருத்துவ வழக்குகளைத் துப்பறிந்து சொல்வதுதான் தொழில். அவருடைய உதவியாளன் புகழேந்தி, சட்டம் படித்தவன், நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஜெசிந்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேடம், எங்க வூட்டுக்காரரு செத்துக்கினு இருக்காரு. நான்தான் கூழ்ல விஷம் வெச்சேன்னு சொல்றாங்க. இடுப்புல சூடு வெச்சதும் நான்தானாம்."

"வெச்சியா?" காப்பி வேண்டுமா என்று கேட்கிற குரலில் கேட்டார் இசைவாணி.

"இல்ல மேடம்."

"சரி. மொதல்லேர்ந்து சொல்லு."

ஜெசிந்தா சொன்னாள். அவள் புருஷன் சேரனுக்கு வல்லத்துக்குப் பக்கத்தில் சொந்த நிலம் இருந்தது. மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் கேப்பையும் போடுகிற குடும்பம். ஜெசிந்தா அந்த ஊரின் மறு பக்கத்துத் தெருவில் பிறந்தவள், கிறிஸ்தவப் பெண். கல்யாணமாகி இத்தனை காலமாகியும் மாமியார் லட்சுமியம்மாள் அவள் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை.

சேரனுக்குப் பித்தப்பையில் கல். திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டாக்டர் சக்கரபாணி திங்கட்கிழமை ஆபரேசன் செய்தார். வயிற்றைக் கிழிக்காமல், சின்னச் சின்ன ஓட்டை போட்டு, கேமராவை உள்ளே விட்டுச் செய்கிற ஆபரேசன். புதன்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"வூட்டுக்கு வந்ததுலேர்ந்து நல்லா இல்ல மேடம். தோளு வலிக்குதுன்னாரு. போன் பண்ணிக் கேட்டா, ஆபரேசனுக்கு வயித்துக்குள்ள கேஸ் அடிச்சோம், அந்தக் கேஸ்தான், ரெண்டு நாள்ல போயிடும்னாங்க. போவல. நேத்து காலையில கேப்பைக் கூழு ரெண்டு வாய் குடிச்சாரு. அதுக்கப்புறம் ஜுரம், வயித்துவலி. திரும்பவும் அங்கயே சேத்தோம். அப்பதான் அத்த அந்தச் சூட்டப் பாத்தாங்க. கரண்டிக் காம்பக் காய வெச்சு இழுத்திருக்கா, விஷமும் வெச்சிருக்கான்னு ஆஸ்பத்திரியே கேக்கற மாதிரி கத்தினாங்க. என்ன வெளிய தள்ளிட்டாங்க. அவங்க தம்பி ஸ்டேசனுக்குப் போயிருக்காரு."

"டாக்டர் இன்னா சொல்றாரு?"

"விஷமா இருக்கலாம்னு மூக்குல குழா போட்டிருக்காரு."

"மீதிக் கூழ யாரு குடிச்சது?"

"நான்தான் மேடம். கொட்டவா முடியும்?"

புகழேந்தி துள்ளி எழுந்தான். "அப்ப கூழ்ல ஒண்ணும் இல்ல. வேற எதுலயோ மருந்து கலந்தது மாமியார்தான். மருமக மேல பழி போட..."

"உக்காருப்பா. பெத்த புள்ளைக்கு விஷம் வெச்சு மருமகள வெரட்டற மாமியார நான் இன்னும் பாக்கல." இசைவாணி கார்ச் சாவியை அவனிடம் தூக்கிப் போட்டார். "வண்டிய எடு. ஜல்தி."

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டினார்கள். ஜன்னலுக்கு வெளியே கரும்பு லாரிகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. போய்ச் சேர்வதற்குள் போன் அடிக்கும், சேரன் இல்லை என்று சொல்வார்கள் என்று ஜெசிந்தா பயந்தாள். போனை எடுத்துப் பார்க்கவும் பயமாக இருந்தது.

"வலியில அவரு உருண்டு பொரள்றாரா?" முன் சீட்டிலிருந்து இசைவாணி கேட்டார்.

"இல்ல மேடம். அசையவே மாட்டேங்கிறாரு. கட்டிலு லேசா ஆடினாக்கூட கத்தறாரு."

"பேதி?"

"இல்ல. மூணு நாளா காத்துகூடப் பிரியல."

இசைவாணி காரின் வேகமானியைப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் அழுத்து," என்றார். அவர் குரலில் அவசரம் தெரிந்தது அப்போதுதான்.

"அந்தச் சூட்ட நீ எப்பம்மா மொதல்ல பாத்த?"

"செவ்வாக்கிழமை காலையில, ஆஸ்பத்திரியிலயே. ஒடம்பு தொடச்சு விட்டப்ப. திங்கட்கிழமை சாயங்காலமே இடுப்பு எரியுதுன்னாரு. நர்ஸக் கூப்ட்டுக் காமிச்சேன். பிளாஸ்டர் ஒத்துக்கல, அலர்ஜின்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க."

"தொடச்சப்ப வேற இன்னா பாத்த? எதுவா இருந்தாலும் சொல்லு."

ஜெசிந்தா யோசித்தாள். "மாரிலேர்ந்து தொடை வரைக்கும் பழுப்பு மருந்து பூசியிருந்தாங்க. தேச்சுத் தேச்சுத் தொடச்சேன். இடுப்பச் சுத்தி மட்டும் ஒரு பட்டை மருந்து படாம வெளுப்பா இருந்துச்சு. வெரல் அகலம் இருக்கும். அந்தப் பட்டைக்குள்ளதான் சூடு."

"அவரு இடுப்புல கொடி கட்டுவாரா?"

"வெள்ளி அரணாக்கொடி மேடம். சின்ன வயசுலேர்ந்து கெடக்குது. ஆபரேசனுக்கு முன்னாடி நர்ஸ் கழட்டி என் கையில குடுத்தாங்க. அத்த வாங்கி வெச்சுக்கினாங்க. வார்டுக்கு வந்தப்ப இடுப்புல இருந்துச்சு. வந்தவொடனே கட்டிட்டேன்னு அத்த சொன்னாங்க."

"நீ கட்டினதப் பாத்தியா?"

"இல்ல."

புகழேந்தி கண்ணாடியில் அவரைப் பார்த்தான். "இன்னா மேடம், கெடச்சிருச்சா?"

"நீ ரோட்டப் பாரு."

ஆஸ்பத்திரி திண்டிவனம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு குறுகலான தெருவில் இருந்தது. அறைக்குள் சேரன் முழங்காலை மடக்கி, கண்ணை மூடிக் கிடந்தான். ஒரு நாளில் அவன் கன்னம் உள்ளே போயிருந்தது. கட்டிலின் தலைமாட்டில் லட்சுமியம்மாள் நின்றிருந்தாள். ஜெசிந்தாவைக் கண்டதும் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"மறுபடியும் எங்கடி வந்த? மிச்சம் இருக்கற உசுரையும் எடுக்கவா?"

ஜெசிந்தா வாசலிலேயே நின்றுவிட்டாள். இசைவாணி அவள் தோளைத் தொட்டு உள்ளே நடத்தினார். தன் பெயரையும் வேலையையும் சொன்னார். பின்னாலேயே வந்த டாக்டர் சக்கரபாணிக்கு அவரைத் தெரிந்திருந்தது. அவர் முகம் சுருங்கியது.

"பாய்சனிங் கேஸ் மேடம். போலீஸ் வரட்டும்னு இருக்கேன்."

இசைவாணி கட்டிலருகே போனார். சேரன் வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்தார். அழுத்தாமலே கையை எடுத்துவிட்டார். பிறகு முழங்காலால் கட்டிலை லேசாக இடித்தார். சேரன் அடித்தொண்டையில் முனகினான். போர்வையை விலக்கி இடது இடுப்பைப் பார்த்தார். சின்னச் சின்ன வளையங்கள் வரிசையாகக் கோத்தது போல், கறுத்துக் காய்ந்த தழும்பு.

"புகழ், இது கரண்டிக் காம்பா?"

"காம்பு வெச்சா கோடாத்தானே மேடம் வரும்? இது கொடியோட கண்ணி."

"டாக்டர், பித்தப்பை வலது பக்கம். அத நல்லாப் பாக்கறதுக்கு டேபிள எந்தப் பக்கம் சாய்ப்பீங்க?"

"தலைய ஒசத்தி, இடது பக்கம் சாய்ப்போம்."

"அப்ப ஆளோட பாரம் மொத்தமும் இடது இடுப்புல எறங்கும். டேபிளோட இரும்பு விளிம்பு அங்கதான் இருக்குது. அறுக்கற கரண்ட் மிஷின் பழசா?"

"பழசுதான். நல்லா ஓடுது."

"பித்தப்பைய ஈரல்லேர்ந்து பிரிக்கறப்ப, கரண்ட் போதல, ஏத்துன்னு சொன்னீங்களா?"

சக்கரபாணி கட்டிலில் தொங்கிய கேஸ் ஷீட்டைக் கையில் எடுத்தார். அதைப் புரட்டாமல் திருப்பி மாட்டினார்.

இசைவாணி லட்சுமியம்மாள் பக்கம் திரும்பினார். கிழக்கே போகிற பஸ் எது என்று விசாரிக்கிறவர் போல நிதானமாகப் பேசினார்.

"அம்மா, இந்த ஆபரேசன்ல வயித்துக்குள்ள ஒரு கொக்கி போவும். நுனியில கரண்ட். அதுதான் அறுக்கும், ரத்தத்த நிறுத்தும். உள்ள போன கரண்ட் திரும்பி வெளிய வரணும். அதுக்காகத் தொடையில ஒரு தகடு ஒட்டுவாங்க. தகடு சரியா ஒட்டலன்னா கரண்டு வேற வழி தேடும். ஒடம்புல வெள்ளியோ தங்கமோ இருந்து அது இரும்புல பட்டா, அந்த வழியா எறங்கும். எறங்கற எடத்துல சுட்டுடும். வெளிய கட்டின கொடின்னா இது யாரோ கையால வெச்ச சூடு. தியேட்டருக்குள்ளயே இடுப்புல இருந்த கொடின்னா கரண்ட் வெச்ச சூடு. எனக்கு அது மட்டும் தெரியணும்."

"வார்டுக்கு வந்தப்புறந்தான் கட்டினேன்," என்றாள் லட்சுமியம்மாள்.

"அப்ப மருந்து எல்லா எடத்துலயும் பூசியிருக்கணும். மறுநாள் உங்க மருமக தொடச்சப்ப இடுப்பச் சுத்தி ஒரு பட்டைல மருந்தே இல்ல. ஏன்னா மருந்து பூசறப்ப அங்க கொடி இருந்துச்சு. கொடிமேல பிளாஸ்டர் இருந்துச்சு. யாரு ஒட்டச் சொன்னது?"

லட்சுமியம்மாள் மகனைப் பார்த்தாள். போர்வையை இழுத்து அவன் இடுப்பை மூடினாள்.

"உங்கமேல கேஸ் போட நான் வரல. தகடு சரியா ஒட்டலன்னு இந்தத் தழும்பு சொல்லுது. கரண்ட் போதலன்னு இன்னும் ஏத்தியிருக்காங்க. ஏத்தின கரண்ட் வெளிய சுட்டிருக்குன்னா உள்ள கொடலையும் சுட்டிருக்கலாம். கேமரா கொக்கியோட நுனியத்தான் காட்டும். அதோட காம்பு எதுமேல பட்டுச்சுன்னு காட்டாது. சுட்ட எடம் அன்னிக்கு ஓட்டையாவாது. மெதுவா வெந்து, நாலாம் நாள் அஞ்சாம் நாள் பிச்சுக்கும். அப்டி ஆனவன் உருள மாட்டான். அசையாமக் கெடப்பான். வயிறு பலகையா இருக்கும். விஷம்னு நெனச்சுக்கினு நாம இங்க நின்னோம்னா, சாயங்காலம் நான் பாத்துக்கினு இருந்த பழைய வேலைய வேற யாராவது பாப்பாங்க."

ஜெசிந்தாவுக்கு அந்தக் கடைசி வாக்கியம் புரியக் கொஞ்சம் நேரமானது. புரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"உசுரோட இருக்கறவன் இடுப்பு வெறுமையா இருக்கலாமா?" லட்சுமியம்மாள் சத்தமில்லாமல் சொன்னாள். "செத்தவனுக்குத்தான் கொடிய அறுப்பாங்க. இவன் வெறும் இடுப்போட தியேட்டருக்குள்ள போறத என்னால பாக்க முடியல. கதவாண்ட இருந்த பொம்பள கையில காலுல வுழுந்தேன். அவதான் கட்டி, மேல பிளாஸ்டர் ஒட்டினா. யாராண்டயும் சொல்லாதன்னா. நானே எம் புள்ளையச் சுட்டுட்டேனா?"

"இல்லம்மா. கழட்டியே ஆவணும்னு சொல்ல வேண்டியவங்க சொல்லல." இசைவாணி சக்கரபாணியைப் பார்த்தார். "கொடிமேல ஒட்டின டேப்ப நீங்களும் பாத்தீங்க இல்ல?"

"பாத்தேன் மேடம். கழட்டச் சொன்னா ஜனங்க அழுவுறாங்க. டேப் போட்டு விட்டுடறது பழக்கமாப் போச்சு." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சூட்டப் பாத்தப்பவே எனக்குத் தோணுச்சு. விஷம்னு அவங்க சொன்னது எனக்கு வசதியா இருந்துச்சு."

"வசதிய அப்புறம் பேசலாம். முண்டியம்பாக்கம் மெடிக்கல் காலேஜுக்குப் போன் பண்ணுங்க. நடந்தத அப்டியே சொல்லுங்க. ஒரு வார்த்தை கொறையக் கூடாது."

சக்கரபாணி அங்கேயே நின்று போன் செய்தார். மிஷின், தகடு, கொடி எல்லாவற்றையும் சொன்னார். லட்சுமியம்மாள் இடுப்பிலிருந்த பழைய போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். "வேணாண்டா. ஸ்டேசன்ல ஒண்ணும் எழுதித் தராத. வா. நான் சொன்னது தப்பு."

ஆம்புலன்ஸில் ஒருவருக்குத்தான் இடம் என்றார்கள். லட்சுமியம்மாள் பின்வாங்கினாள். ஜெசிந்தா ஏறினாள். வழியெல்லாம் வண்டி குலுங்கும்போது சேரன் முனகினான். முனகல் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு மூச்சு வந்தது. கேட்காத இடங்களில் அவளும் மூச்சை நிறுத்திக்கொண்டாள். திண்டிவனத்துக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையில் அத்தனை மேடு பள்ளம் இருப்பது அவளுக்கு அன்றுவரை தெரியாது.

இந்த முறை வயிற்றை நீளமாகத் திறந்தார்கள். தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் மாமியாரும் மருமகளும் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு ஆள் உட்காருகிற இடம் இருந்தது. புகழேந்தி டீ வாங்கி வந்தான். இருவருமே குடிக்கவில்லை.

"மேடம், நீங்க சொன்ன மாதிரி உள்ள ஓட்டை இல்லாம இருந்தா?" என்று அவன் மெல்லக் கேட்டான்.

"இல்லன்னா நான் சொன்னது தப்பு. அந்தப் பொண்ணு இதே பெஞ்சுல இருப்பா, போலீஸோட," என்றார் இசைவாணி. "அந்தப் பயம் எனக்கும் இருக்குது. சத்தமாப் பேசாத."

ஜெசிந்தாவுக்கு அது காதில் விழுந்தது. ஆச்சரியமாக, அது அவளுக்குக் கொஞ்சம் துணையாக இருந்தது.

வெயில் சாய்ந்த நேரத்தில் கதவு திறந்தது. பச்சை உடுப்போடு ஒரு டாக்டர் வெளியே வந்தார். "சேரன் அட்டெண்டர் யாரு?"

ஜெசிந்தா எழப் பார்த்தாள். மடியிலிருந்த பை சரிந்தது, அதைப் பிடித்தாள். லட்சுமியம்மாள்தான் முதலில் எழுந்தாள். டாக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"என்னாண்ட சொல்லாத சாமி," என்றாள் அவள். "பொண்டாட்டி அவதான். அவளாண்ட சொல்லு."

டாக்டர் ஜெசிந்தாவின் முன் குனிந்தார். சிறுகுடலில் ஒரு ஓட்டை, சுற்றிலும் வெந்த தசை, அந்தத் துண்டை வெட்டி எடுத்துச் சேர்த்துத் தைத்தாயிற்று, வயிறு முழுக்கக் கழுவியாயிற்று என்றார். ஆள் உயிரோடு இருக்கிறான், இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார்.

"முழிச்சா தண்ணி கேப்பாரு. வாய நனைக்கலாம், குடிக்கக் குடுக்கக் கூடாது. யாரு உள்ள வரப் போறீங்க?"

லட்சுமியம்மாள் ஜெசிந்தாவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினாள்.

"போ. நீ போயி நனச்சு வுடு."