மாப்பிள்ளையின் பங்கு

கல்யாணம் முடிந்து டெலியா புகுந்த வீட்டு வாசலில் கால் வைத்தபோது, மாமியார் ஹனோரா வழக்கப்படி ஓட்ஸ் ரொட்டியை அவள் தலைமேல் உடைத்தாள். துணுக்குகள் கழுத்து வழியாக இறங்கி அரித்தன. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். மாமியார் முகத்தில் மட்டும் சிரிப்பில்லை. டெலியாவை முதலில் நிச்சயம் செய்திருந்தது மாமியாரின் செல்ல மகன், முன்பல் உடைந்த மூத்தவன் மாலக்கிக்கு. போன பனிக்காலத்தில் அவன் சதுப்பில் அமிழ்ந்து போனான்; உடல்கூடக் கிடைக்கவில்லை. இப்போது தம்பி ஃபிண்டன் மாப்பிள்ளை. டெலியாவுக்கு அவனைத்தான் பிடித்தும் இருந்தது.

உப்புப் போட்ட ஓட்ஸ் கஞ்சி வந்தது. ஒரே கரண்டியால் பெண் மூன்று வாய், மாப்பிள்ளை மூன்று வாய். கல்யாணம் நடந்திருந்தாலும், இதைச் சாப்பிட்ட பிறகுதான் ஊர்க் கணக்கில் அவர்கள் புருஷன் பெண்டாட்டி. டெலியா தன் பங்கைச் சாப்பிட்டு முடிக்கையில் வெளியே குதிரை மிரண்டது. ஃபிண்டனும் மற்ற ஆண்களும் ஓடினார்கள்.

அந்த நேரம் பார்த்து வைக்கோல்காரன் ஒருவன் உள்ளே வந்தான்.

வைக்கோல் கூம்பால் முகத்தை மூடிக்கொண்டு இளவட்டங்கள் அழையாமல் வருவதும், பெண்ணோடு ஆடுவதும் அந்தப் பக்கத்தில் நல்ல சகுனம். யாரென்று கேட்கக் கூடாது. மறுத்தால் குடும்பத்துக்கு ஆகாது. பெண்கள் சிரித்துக்கொண்டே டெலியாவை முன்னால் தள்ளினார்கள்.

இவனுடைய கூம்பு நனைந்து கறுத்திருந்தது. கையைப் பிடித்தாள். வெந்த உருளைக்கிழங்கின் தோல் போல அவன் கைத்தோல் வழுக்கி நகர்ந்தது. அழுகிய தண்ணீரின் நாற்றம் தொண்டை வரை ஏறியது. சீ, இதென்ன சகுனம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டே ஆடினாள்.

ஆட்டம் நின்றதும் அவன் வாய்ப்பக்கம் கையைக் காட்டினான். வந்தவனைப் பசியோடு அனுப்பக் கூடாது. இவன் தொலைந்தால் போதுமென்று, கைக்கு எட்டிய கஞ்சிக் கிண்ணத்தை நீட்டினாள்.

கரண்டி கூம்புக்குள் போனது.

மூன்று முறை.

திரும்பி வந்த கரண்டியில் கறுப்புக் கோழை நூலாக இழுபட்டது. அதில் ஒரு பல் ஒட்டியிருந்தது.

டெலியா சுவரோரம் குனிந்து வாந்தியெடுத்தாள். நிமிர்ந்தபோது அவனைக் காணோம். ஃபிண்டன் உள்ளே வந்தான். அவன் பின்னால், காய்ந்த வைக்கோல் சரசரக்க, ஊர் இளவட்டங்கள். ஆற்றில் வெள்ளம், இப்போதுதான் வர முடிந்தது, தங்களுக்கு முன்னால் யாரும் கிளம்பவில்லை என்றார்கள்.

ஃபிண்டன் காலிக் கிண்ணத்தைப் பார்த்தான். ஹனோரா கரண்டியிலிருந்து பல்லை எடுத்தாள். முனை உடைந்த முன்பல். அதை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். அன்று முதன்முறையாக அவள் முகம் மலர்ந்தது.

"நல்லா சாப்பிட்டானாடி? ரொம்ப எளைச்சிருந்தானா?"

"அத்தை, அது யாருன்னே எனக்குத் தெரியாது."

"கைய புடிச்சு ஆடுன. உன் கையாலயே சோறும் போட்ட. மூணு வாயும் முழுங்கிட்டான்ல."

பிறகு ஃபிண்டன் பக்கம் திரும்பினாள்.

"நீ மாட்டுக் கொட்டாய்ல போய்ப் படுத்துக்கடா."

டெலியா அவன் சட்டைக் கையை இறுகப் பற்றினாள். அம்மா சொல்லை ஒருநாளும் தட்டாதவன், அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு வெளியே நடந்தான்.

கல்யாணக் கட்டில் போட்டிருந்த உள்ளறையில், ஈர பூட்ஸ் ஒன்று தரையில் விழும் சத்தம் கேட்டது.

சற்றுப் பொறுத்து, இன்னொன்று.