எட்டு டெராபைட் கடல்

கடல்மூட்டம் விலகாத காலையில், கம்ப்யூட்டர் பெட்டியோடு அமிர்தவல்லி வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கினாள் ஜெசிந்தா. மாமல்லபுரத்திலிருந்து வந்திருந்தாள்.

கல்பாக்கத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற அமிர்தவல்லி, காணாமல்போன கோப்புகளைக் கண்டுபிடித்துத் தருவதில் பேர்போனவர். அவருக்கு உதவி, கணவர் கேசவன்.

"கடலுக்குள்ள மைக் இறக்கி சத்தம் புடிக்கிறேன்மா," என்றாள் ஜெசிந்தா. "மீனுங்க பேசறது, மணல் நவுர்றது, மேல பேயற மழை அடியில கேக்கறது. பல வருச வேல, எல்லாம் இதுலதான். என் தம்பி மோசஸ் அழிச்சிட்டான்."

"பார்த்தீங்களா?" என்றார் அமிர்தவல்லி.

"பாக்கணுமா இன்னா? படகுல ஒயரப் புடிச்சிகினு நிக்கறது நானு, பேரு மட்டும் ஒனக்கான்னு சண்ட போட்டான். அப்புறம் புயலு, கரண்டு இல்ல. ரொம்ப நாள் கழிச்சி ஆன் பண்ணா ஒண்ணுமே காணோம். நெட்ல எந்தப் பக்கம் போனாலும் பாதுகாப்பு இல்லன்னு வருது. வூட்டுக்கு வராதன்னு சொல்லிட்டேன். சிங்கப்பெருமாள் கோயில் ஊர்ல ரூம் எடுத்துகினு கம்பெனி வேலைக்குப் போயினு கீறான். நாளைக்கு ஸ்டேசன்ல எழுதிக் குடுக்கப் போறேன்."

அமிர்தவல்லி கம்ப்யூட்டரை இயக்கினார். கருப்புத் திரையில் ஓர் எச்சரிக்கை வந்தது. ஒரு விசையைத் தட்டித் தாண்டினார். திரையோரத்தில் தேதி பல வருடம் பின்தங்கிக் கிடந்தது. பதிவுகள் இருந்த இரண்டு டிஸ்க்குகளில் ஒன்று வெறுமையாகத் தெரிந்தது. அதைப் புதிதாகத் தயார் செய்யட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது.

"இதுக்கு ஆமான்னு சொன்னீங்களா?"

"பயந்துகினு வேணான்னுட்டேன்."

"நல்ல காரியம் செய்தீங்க."

கேசவன் ஆர்வமாக முன்னால் சாய்ந்தார். "வல்லி, தம்பி ஒரு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, புதுசை மாட்டியிருக்கிறான்."

"இன்னொன்றைப் பாருங்கள். டிஸ்க்கின் அளவையும் பிரிவுகளையும் குறித்துவைக்கும் பகுதி அட்டவணை அதில் அழியவில்லை. டிஸ்க் நாலு டெராபைட். அட்டவணையில் எட்டு என்றிருக்கிறது."

"அப்போ அட்டவணையில் கைவைத்திருக்கிறான்."

"இல்லை. ஓர் ஏக்கர் நிலத்தில் நின்றுகொண்டு இரண்டு ஏக்கர் பட்டாவைப் படிக்கிறோம். பட்டா சரி. பக்கத்து நிலத்தையும் சேர்த்து எழுதியது." அமிர்தவல்லியின் குரல் தூக்கத்தில் பேசுவதுபோல மெதுவாக வந்தது. "இந்த இரண்டும் ஒரே டிஸ்க்காக வாழ்ந்தவை. சேர்த்து வைத்தது மதர்போர்டில் இருக்கும் ரெய்டு அமைப்பு. அட்டவணை முதல் டிஸ்க்கில்தான் இருக்கும். அதனால் இரண்டாவது வெறுமையாகத் தெரிகிறது. இப்போது ஒன்றை ஒன்று மறந்துவிட்டன."

"யாரு மறக்க வெச்சது?" என்றாள் ஜெசிந்தா.

"தேதியைப் பாருங்க. மதர்போர்டில் ஒரு காசு அளவு பேட்டரி இருக்கு. அது செத்துப்போச்சு. கரண்ட் இல்லாத நாளில் கடிகாரமும் நின்னுது, ரெய்டு அமைப்பும் அணைஞ்சுபோச்சு. பதிவுகள் அழியலை. தேதி தப்பானா நெட்டும் பாதுகாப்பில்லைன்னுதான் சொல்லும். உங்க தம்பி தொடவே இல்லை."

கேசவன் கடைக்குப் போய்ப் புது பேட்டரி வாங்கி வந்தார். அமிர்தவல்லி அதை மாட்டி, தேதியைத் திருத்தி, ரெய்டை மீண்டும் இயக்கினார். எட்டு டெராபைட் ஒரே டிஸ்க்காக வந்து நின்றது. ஒரு கோப்பைத் தொட்டதும், நீருக்கடியில் கேட்கும் மழை அறையெங்கும் நிறைந்தது.

பிறகு ஜெசிந்தா போனை எடுத்தாள்.

"மோசஸ், நீ அழிக்கலடா."

"அது எனக்குத் தெரியும்," என்றது மறுமுனைக் குரல்.

"தப்பு என்னுது. இனிமே ரெண்டு பேரு பேரும் போடறேன். வூட்டுக்கு வா."

"ஷிப்ட் கீது. பாக்கறேன்." போன் நின்றது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "வருவானாம்மா?"

"அதை என்னால கண்டுபிடிக்க முடியாது, ஜெசிந்தா," என்றார் அமிர்தவல்லி. "நீங்க போய்த்தான் கேக்கணும்."