தலை நசுங்கிய ஆணி

ஹில்ஸ்பரோ வீட்டிலிருந்து காரில் புறப்படும்போதே தகராறு தொடங்கிவிட்டது. பொரித்த ஆட்டிறைச்சியை வெளியே கொண்டுபோவதென்றால் சாப்பாட்டுப் பெட்டிக்குள் ஒரு இரும்பாணி வைக்காமல் டோறின் வாசல் தாண்டமாட்டாள். வாசனைக்குப் பின்னால் எது வரும் என்று யார் கண்டது? ஊரில், மன்னாரில் அவள் பிறந்த வீட்டில் சுவாமியாருக்குச் சாப்பாடு அனுப்பினால்கூட ஆணி வைத்துத்தான் அனுப்பினார்கள்.

அவள் கணவர் சிறிலுக்கு இதெல்லாம் பகிடி. மாதா கோயில் பாடகர் குழுவை நடத்துகிறவரின் மனைவி பேய்க்கு ஆணி வைப்பதா என்று கேட்டு, அவள் பாராத நேரம் அந்தத் தலை நசுங்கிய ஆணியை எடுத்துக் குசினிக் குப்பை வாளிக்குள் போட்டுவிட்டார். பாதி வழி போனபிறகு அதைப் பெருமையாக வேறு சொன்னார்.

டோறின் காரைத் திருப்ப நினைத்து, விட்டுவிட்டாள். போன வருடம் மாரடைப்பில் மூச்சே நின்று திரும்பி வந்த மனுசன். நேர்த்தி வைத்து, டொக்டர்மாரோடு மல்லுக்கட்டி வீட்டுக்குக் கூட்டிவந்தவள் அவள்தான். அதற்குப் பிறகு அவர் ஆசைப்பட்ட முதல் பயணம் இது. ஒரு ஆணிக்காக அதைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

மலையடிவாரத்துப் பழைய பொன்சுரங்க ஊர்களில் தேநீர் குடித்தார்கள், படம் எடுத்தார்கள். மத்தியானம் கரங்காஹாக்கே பள்ளத்தாக்குக்கு வந்து, மலையைக் குடைந்த பழைய சுரங்க நடைபாதைக்குள் நுழைந்தார்கள். மறுபக்கத்தில் ஆற்றைப் பார்த்தபடி சாப்பிடலாம் என்று சிறில் பெட்டியோடு முன்னே நடந்தார்.

உள்ளே கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஈரமண்ணும் துருவும் கலந்த மணம். வளைவு ஒன்றில் சிறிலின் டோர்ச் வெளிச்சம் மறைந்தது. அப்போதுதான் யாரோ மூடியைத் திறந்ததுபோல இறைச்சி மணம் குப்பென்று வந்தது.

“இஞ்சாருங்கோ?”

டோறின் தன் போன் வெளிச்சத்தோடு விரைந்தாள். பலகை அடித்து மூடிய ஒரு கிளைச் சுரங்கத்தின் முன் சிறில் குந்தியிருந்தார். பலகை இடுக்கால் இறைச்சித் துண்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே கொடுத்துக்கொண்டிருந்தார்.

உள்ளே யாரோ மென்றார்கள்.

“பாவம், பசிக்குதாம்,” என்றார் சிறில் மெல்ல. “என்னையும் உள்ளுக்கு வரட்டாம்.”

இடுக்கிலிருந்து மஞ்சள் சேறு படிந்த விரல்கள் வந்து அவருடைய மணிக்கட்டைச் சுற்றின.

டோறினுக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம்! ஆஸ்பத்திரி வாசலில் இரவிரவாய் இருந்த கோபம் முழுவதும் அதில் இருந்தது. அவருடைய சட்டைக் கொலரை இரண்டு கையாலும் பிடித்தாள்.

“இந்த மனுசனை நான் ஒருக்காச் சாவிட்ட இருந்து பறிச்சனான்,” என்றாள். “இன்னொருக்காவும் பறிப்பன். இறைச்சியைத் தின். ஆளை விடு.”

மெல்லும் சத்தம் நின்றது.

பெட்டியைக் காலால் எட்டி உதைத்தாள். அது பலகைக்குக் கீழிருந்த இடைவெளியால் சறுக்கி உள்ளே போனது. விரல்கள் தளர்ந்தன. அவள் ஓடவில்லை. செபமும் வசையும் மாறிமாறிச் சொல்லிக்கொண்டு, அவரைக் கொலரோடு இழுத்தபடி வெளிச்சத்துக்கு நடந்தாள்.

வீடு திரும்பும் வழி நெடுக சிறில் உறங்கினார். நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. பொழுதுபடும் நேரம் வீட்டுக்கு வந்து அவரைப் படுக்க வைத்துவிட்டு, கதவைப் பூட்டத் திரும்பினாள் டோறின்.

வாசல்படியில் சாப்பாட்டுப் பெட்டி இருந்தது.

நக்கித் துடைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. உள்ளே ஒரு ஆணி. காலையில் குப்பை வாளிக்குப் போன அதே தலை நசுங்கிய ஆணி, நெடுங்காலம் மண்ணுக்குள் கிடந்ததுபோல் துருவேறி இருந்தது.

அறைக்குள்ளிருந்து சிறில் தூக்கத்தில் சொன்னார்: “இன்னும் பசிக்குதாம்.”

டோறின் சுத்தியலை எடுத்தாள். ஆணியை வாசல் நிலையில் வைத்து ஓங்கி அடித்தாள்.

தரைக்கு அடியிலிருந்து, கல்லில் இரும்பு படுவதுபோல் ஒரு அடி பதிலுக்குக் கேட்டது.

அவள் மறுபடி அடித்தாள். கீழேயும் அடி விழுந்தது.

“தட்டு,” என்றாள் டோறின். “ஆர் முதல்ல களைக்கிறது எண்டு பாப்பம்.”

சுத்தியலை மீண்டும் ஓங்கினாள்.

இந்த முறை, அவள் அடிக்கும் முன்பே சத்தம் கேட்டது. அதுவும் சிறிலின் கட்டிலுக்கு நேர் கீழே.

அவள் சுத்தியலோடு அறைக்குள் போனாள்.