ஆர்ஃபாவின் பிறந்த வருஷம்

சீப்பில் ஒரு நரைமுடி சிக்கியிருந்தது. ஹல்டா அதைத் தன்னுடையது என்றே நம்ப விரும்பினாள். ஆனால் அவளுக்குச் செம்பட்டை முடி. சீப்போ ஏழு வயது மகள் ஆர்ஃபாவுடையது.

மாசசூசெட்ஸ் ஊர்களில் இது இருபதாவது அரங்கு. ஒப்பனை அறையில் எண்ணெய் விளக்கின் புகையும் ஈரக் கம்பளியின் வாடையும் கலந்திருக்க, பலகைச் சுவருக்கு அப்பால் கைதட்டல் மழைபோல எழுந்தெழுந்து அடங்கியது. கால் வீங்கி, கண் எரிந்து, வீட்டை நினைக்கவும் தெம்பில்லாமல் ஹல்டா உட்கார்ந்திருந்தாள்.

மேடைக்குப் போகுமுன், "பல் ஆடுதும்மா," என்று ஆர்ஃபா வாயைத் திறந்து காட்டியிருந்தாள். இரண்டடி உயரம்தான் அவள்.

"இருபத்துமூணு வயசுக் குள்ளச் சீமாட்டிக்குப் பால்பல் ஆடுதாம்!" என்று சிரித்தார் காட்சி நடத்தும் கிட்ரெட்ஜ். "வாயை மூடிக்கிட்டே சிரி, கண்ணு. முன்வரிசைல பேப்பர்காரங்க."

"அவளுக்கு ஏழு வயசுங்க."

"மெதுவா, அம்மணி! ஏழு வயசுன்னா எல்லாப் பிள்ளையும் குட்டைதான். டிக்கெட் எடுத்து எவன் பார்ப்பான்?"

பேப்பர்காரர்களிடம் காட்டத்தான் குடும்ப பைபிள். பிறப்புகளை எழுதும் பக்கத்தில் ஹல்டாவின் மாமனார், பொய் சொல்லி அறியாத சபை மூப்பர், 1856 என்று தம் கையால் எழுதியிருந்தார். அவர் மறைந்தபின் ஹல்டா அதைப் பேனாக்கத்தியால் சுரண்டி 1840 ஆக்கினாள். நான்கு தலைமுறையாகக் காத்த பக்கத்தில் விழுந்த முதல் பொய் அது.

அன்றிலிருந்து குழந்தை ஓடவில்லை. படியேறும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டது. நேற்றுத் தூக்கத்தில் இருமியது, கிழவர்கள் இருமுவதுபோல.

ஹல்டா பைபிளைத் திறந்தாள். ஈரத்தில் மசி கரைந்திருக்க வேண்டும். நான்கின் மற்றக் கோடுகள் மறைந்து, ஒரு கோடு மட்டும் நின்றது. 1810.

கத்தியை எடுத்தாள். உண்மையான வருஷத்தை எழுதிவிட்டால் போதும். குழந்தை குழந்தையாகிவிடும். சுரண்டினாள். மசி போகவில்லை. இன்னும் கொஞ்சம்.

தாள் கிழிந்தது.

ஆர்ஃபாவின் பெயருக்கு எதிரே ஓட்டை. எழுத இடமில்லை. வருஷமே இல்லை.

கைதட்டல் நின்றது. சட்டென்று.

படியில் காலடி. மூச்சு வாங்கல். இன்னொரு காலடி.

கதவு திறந்தது. பொம்மை அளவுப் பட்டுக் கவுன்.

"அம்மா, விழுந்திடுச்சும்மா." குரல் மட்டும் ஆர்ஃபாவுடையது. "கால் வலிக்குது. தூக்கிக்கோ."

நீட்டிய உள்ளங்கையில், நூறு வருஷத்துச் சுருக்கங்களுக்கு நடுவே, வெள்ளை வெளேரென்று ஒரு பால்பல்.