பச்சை வட்டத்தில் பதினொரு தாள்

ரெக்கார்ட் ரூம் போன் காலை பத்தரைக்கு அலறியது.

எடுத்தவர் ஏட்டு. ஸ்டேஷனில் புகார் எழுதுவதும் அவர்தான், சுவரில் தொங்கும் வரைபடத்தில் குற்றம் நடந்த இடமெல்லாம் சிவப்புக் குண்டூசி குத்துவதும் அவர்தான். பட்டப்பெயரே குண்டூசி.

"ஏட்டய்யா, டெட்பாடி ஒண்ணு. லேடி. வீட்டுக்குள்ள வெச்சுக் கழுத்தை நெரிச்சிருக்கான்." கான்ஸ்டபிளின் குரல்.

"எந்த ஏரியாப்பா?"

"அதான் நம்ப முடியல. பச்சை வட்டம். கடைசித் தெரு, ஏழாம் நம்பர்."

ஏட்டு சுவர் வரைபடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

பச்சை வட்டம்... பச்சை மையால் வட்டம் போட்டு வைத்த, ஒரு குண்டூசிகூட இல்லாத பகுதி. மூன்று வருஷமாகக் குற்றமே இல்லை என்று கேடயம் வாங்கிய பகுதி. அங்கே எதற்கு ரோந்து என்று அதையும் எடுத்தாயிற்று.

ஏழாம் நம்பர் மாடியில் அவருடைய ஒரே மகள் இருக்கிறாள். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. "கண்ணை மூடிக்கிட்டுக் குடி போம்மா, ஊர்லயே அங்கதான் பயமில்ல" என்று வீடு பார்த்துக் கொடுத்ததே அவர்தான்.

"என்ன ஏட்டய்யா, இப்படி வேர்க்குது?" ஜீப்பில் புது இன்ஸ்பெக்டரம்மா கேட்டாள்.

"என் பொண்ணு... அந்த வீட்டுலதான் மேடம்..."

அவள் டிரைவரை விரட்டினாள். ஜீப் பறந்தது.

வாசலில் கூட்டம். உள்ளே தரையில் வெள்ளைத் துணி மூடிய உடல். துணிக்கு வெளியே ஒரு பாதம்... குதிகாலில் ஒட்டிய நீல நூல்.

கீழ்வீட்டுத் தையல்காரி!

மகள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். உயிரோடு.

அப்பாடா என்றது மனசு. அடுத்த நொடியே அவருக்கு வெட்கமாகப் போயிற்று.

"நல்லவேளைம்மா, உனக்கு ஒண்ணும்..."

"நல்லவேளையா? அக்கா உங்க ஸ்டேஷனுக்கு மூணு தடவை வந்தாங்கப்பா. நான்தான் அனுப்பினேன். எங்கப்பா இருக்கார், போய்ச் சொல்லுங்க, பாத்துக்குவார்னு."

ஆமாம், வந்தாள். கழுத்தில் அளவு டேப்போடு வந்தாள். யாரோ பின்கதவைத் தள்ளிப் பார்க்கிறான் என்றாள். "என் பொண்ணே உங்க மாடியில இருக்கா. பயமிருந்தா குடி வெச்சிருப்பேனா? போயிட்டு வாங்கம்மா" என்று அனுப்பியது இந்த வாய்தான்.

இன்ஸ்பெக்டரம்மா திரும்பினாள். "புகார் எங்க ஏட்டய்யா? ரிஜிஸ்டர்ல இந்த ஏரியாவே இல்லையே?"

"டிராயர்ல இருக்கு மேடம்."

ரிஜிஸ்டரில் பக்கத்துக்குப் பக்கம் நம்பர் உண்டு, கிழிக்க முடியாது. அதனால் பச்சை வட்டத்திலிருந்து யாராவது ஓடி வந்தால், ஏட்டு அன்றைய காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் குறித்துக்கொள்வார். வந்தவருக்கும் எழுதிக்கொண்டார்கள் என்று திருப்தி. பழைய இன்ஸ்பெக்டருக்குக் கேடயம் வேண்டியிருந்தது, இவருக்கு நல்ல பெயர்.

ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுக்க வந்த மகளின் எதிரே தாள்களைக் கொட்டினார். பதினொன்று.

இன்ஸ்பெக்டரம்மா ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்துப் படித்தாள். "பின்கதவு... ஜன்னல்... சமையலறைக் கதவு... எட்டு வீடு, ஒரே தெரு..."

எதிரே இருந்த மகளுக்குத் தெரிந்தது தாளின் முன்பக்கம்.

"மேடம்... எல்லாமே வியாழக்கிழமை."

"என்னது?"

"வியாழக்கிழமைதான் எங்க தெருவுக்குத் தண்ணி கேன் வண்டி வரும். இன்னைக்கும் வந்துச்சு."

இருபதே நிமிஷம்! நான்கு தெரு தள்ளி வண்டியை மடக்கினார்கள். கேன்காரனின் கையில் நகக் கீறல். சட்டைப் பொத்தானில் நீல நூல்.

தாள்களை ஒருமுறை திருப்பிப் பார்த்திருந்தால் போதும். அவள் இந்நேரம் தைத்துக்கொண்டிருப்பாள். ஏட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

மகள் எழுந்தாள். "நான் கிளம்பறேன்ப்பா. அக்கா பொண்ணு ஸ்கூல் விட்டு வருவா. வீட்டுல யாராவது இருக்கணும்."

அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை.

"எஃப்.ஐ.ஆர். எழுதுங்க ஏட்டய்யா," என்றாள் இன்ஸ்பெக்டரம்மா.

எழுதினார். முதல் குற்றவாளி, கேன்காரன். பேனா நின்றது... பிறகு இரண்டாவது குற்றவாளி என்று போட்டு, தன் பெயரையும் நம்பரையும் எழுதினார். நம்பர் போட்ட பக்கத்தில்.

இன்ஸ்பெக்டரம்மா படித்தாள். அடியில் கையெழுத்துப் போட்டாள்.

ஏட்டு குண்டூசி டப்பாவை எடுத்தார். பச்சை வட்டத்தில் தாளுக்கு ஒன்றாகப் பதினொன்று குத்தினார். தையல்காரியின் கொலைக்கு இன்னொன்று. டப்பாவில் ஒன்று மிச்சம்.

"இதை எங்க குத்தப் போறீங்க?"

"என் நாற்காலியில மேடம். இத்தனை வருஷம் ரொம்ப சௌகரியமா உக்காந்துட்டேன்."