படகின் எடை

காலையிலிருந்து யாரும் தண்ணீர் தெளிக்காத படகின் எடை ஐம்பது கிலோ கூடியிருந்தது.

கும்மிடிப்பூண்டியில் மூடிக்கிடந்த ஓர் இறால் கம்பெனியின் குளிர் அறை அது. அடுத்தடுத்து மழை பொய்த்து, இதுவரை காணாத வெயிலில் பக்கத்து ஏரி பாளம் பாளமாக வெடித்தபோது வெளியே வந்த படகு. ஆயிரம் வருடத்துக்கு மேல் சேற்றில் ஊறிய மரம், காய்ந்தால் பொடியாகிவிடும். அதனால் இறால் நிறுக்கும் மேடைமேல் ஏற்றி, ஈரச் சாக்கு போர்த்தியிருந்தார்கள். எடை குறைந்தால் மரம் காய்கிறது என்று அர்த்தம். குறையாமல் பார்த்துக்கொள்வது தொல்லியல் படித்த ஸ்டீவனின் வேலை. மனைவி மெர்சியை அடக்கம் செய்த பிறகு அவன் காப்பாற்ற நினைத்தது இதை மட்டும்தான்.

"இன்னா சார், படகு துன்னு துன்னு குண்டாவுதா?" வாசலில் வாட்ச்மேன் துளசிராமன் சிரித்தார். "மெஷின் பேட்டரி ஊத்திக்கினு இருக்கும்."

"கதவ சாத்துங்கண்ணா. வெயில் உள்ள வருது."

சாத்திய சிறிது நேரத்தில் கரண்ட் போனது.

"டீசல் வாங்கியாந்து ஜெனரேட்டர் போடறேன்!" தடித்த கதவுக்கு அப்பால் குரல் தேய்ந்தது. "அதுவரிக்கும் தொறக்காத சார், மரம் பூடும்!"

வெளியே உச்சிவெயில். உள்ளே, குளிரூட்டியின் இரைச்சல் அடங்கிய இருட்டில், பேட்டரியில் எரியும் எடை மேடையின் சிவப்பு எண்களைத் தவிர வேறொன்றும் தெரியாதபோது, சுவரில் ஊறிப்போன இறால் கவிச்சியை மெல்ல அமுக்கிக்கொண்டு நிறைந்த ஏரியின் பாசி வாடை எழுந்தது. சாக்குக்கு அடியில் தண்ணீர் மரத்தில் மோதும் களக், களக் சத்தம், தொலைவிலிருந்து யாரோ துடுப்புப் போட்டு வருவதுபோல, சீராக நெருங்கியது.

எண் ஏறியது. மரம் முனகியது. மறுபடி ஏறியது. ஒவ்வொரு முறையும் ஓர் ஆள் எடை.

ஸ்டீவனின் கை கதவுப் பிடியில் இருந்தது. திறந்தால் அனல் பாயும். படகு போய்விடும். திறக்கவில்லை.

"குறையலயே," என்று தனக்கே சொல்லிக்கொண்டான். "ஏறத்தான செய்யுது."

சத்தம் நின்றது. கரை தட்டியதுபோல மேடை ஒருமுறை அதிர்ந்தது.

எண் இறங்கியது.

தரையில் ஈரக் கால் ஊன்றும் ஓசை. மரத்தில் படீரென்று ஒரு விரிசல்.

தெளிப்பானை எடுக்கப் படகருகே ஓடினான். குனிந்தான். படகிலிருந்து இறங்குகிறவர் பிடிமானம் தேடுவதுபோல, அவன் தோளில் ஒரு கை அழுந்தியது.

சேறு. குளிர்.

எண் இறங்கியது. இன்னொரு விரிசல்.

முதல் கை விலகவில்லை. மறு தோளில் இன்னொன்று. இடுப்பில் ஒன்று. சின்னது.

படகு பொடிப்பொடியாக உதிர உதிர, அவனைப் பிடித்துக்கொண்டு அவர்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள்.