இரண்டு பச்சைப் பட்டன்கள்

இடது பக்கத்துப் பச்சைப் பட்டனில் யாரோ ரப்பர் கட்டியிருந்தார்கள்.

டீ டம்ளரோடு கொல்லைக்கு வந்த எபினேசர் அப்படியே நின்றுவிட்டான். சைக்கிள் டியூபைக் கிழித்து எடுத்த விரல் அகல நாடா. பட்டன் உள்ளே அமுங்கியே கிடக்கும்படி பெட்டியைச் சுற்றி இரண்டு சுற்று, முடிச்சு நழுவாமலிருக்க நடுவில் பாதித் தீக்குச்சி. ஆரம்பாக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் தேடினாலும் இப்படித் தீக்குச்சி செருகிக் கட்டுகிற ஆள் ஒருத்தன்தான். அந்த ஆள் எபினேசர். ஆனால் அவன் கட்டவில்லை.

"மேரி! மெஷின்ல கை வெச்சியா நீ?"

"நான் இன்னாத்துக்குய்யா கை வெக்கப் போறேன்?" சமையல் கொட்டகையிலிருந்து குரல் வந்தது. "ரெண்டு கையாலயும் அமுக்குன்னு சொன்ன, அமுக்கிக்கினுகீறேன். காலங்காத்தால பேஜார் பண்ணாத, அடுப்புல குண்டான் கீது."

அவன் பிளேடால் நாடாவை அறுத்தான். பட்டன் டக்கென்று வெளியே துள்ளியது. அந்தச் சின்னச் சத்தத்துக்கு அவன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

மெஷினை அவன் செய்ததே மேரிக்காகத்தான். ஆரம்பாக்கம் ரோட்டோரம் அவள் மெஸ் நடத்துகிறாள். கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த வடநாட்டுப் பையன்கள் அறுபது பேருக்கு மூன்று வேளைச் சாப்பாடு, எல்லாம் விறகு அடுப்பில். சவுக்கும் புளியங்கட்டையும் பிளந்து பிளந்து அவள் வலது தோள் தூக்க முடியாமல் போனது. 'என்னமோ பெரிய செட்டர்னு சொல்லிக்கினுகீற, பொண்டாட்டிக்கு ஒரு கட்ட பொளக்குற மெஷின் பண்ணத் துப்பில்ல' என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். சுருக்கென்று பட்டது. சிப்காட்டில் தகடு வெட்டுகிற ஒரு பிரஸ் ஷாப்பில் பதினெட்டு வருஷமாக மெஷின்களைப் பூட்டிச் சரிசெய்து ஆட்களிடம் ஒப்படைக்கிற செட்டர் அவன். இது என்ன பிரமாதம்?

காயலான் கடையில் ஒரு ஹைட்ராலிக் சிலிண்டரும், அதோடு சேர்ந்த பட்டன் பெட்டியும் கிடைத்தன. இரும்பு கர்டர் ஒன்றை நீளவாக்கில் கிடத்தி, ஒரு முனையில் சிலிண்டரை வெல்டிங் வைத்தான். மறுமுனையில் லாரி ஸ்பிரிங் பட்டையைத் தீட்டிச் செய்த ஆப்பு. கட்டையை நடுவில் வைத்தால் பிஸ்டன் மெல்ல வந்து அதை ஆப்பின் மேல் தள்ளும். எட்டு நொடி. எவ்வளவு கணுவுள்ள கட்டையும் கதறிக்கொண்டு பிளக்கும். ஆப்பிலிருந்து இரண்டு முழம் தள்ளி, பெட்டியில் இரண்டு பச்சைப் பட்டன்கள். இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் பிஸ்டன் நகரும். ஒன்றை விட்டாலும் பின்வாங்கிவிடும். இரண்டு கையும் பட்டனில் இருக்கும்போது எந்தக் கை உள்ளே போகும்? அவசரத்துக்கு மெஷினை நிறுத்த நடுவில் ஒரு சிவப்புப் பட்டனும் உண்டு. அதற்கு இன்னும் ஒயர் கொடுக்கவில்லை. கம்பெனியிலும் சிவப்புக்கு ஒயர் கிடையாது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான்.

பெட்டியின் துருவைச் சுரண்டியபோது அடியில் மஞ்சள் பெயின்ட்டில் பதினாலு என்று எழுதியிருந்தது. எபினேசர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். பிறகு அதன்மேல் இரண்டு பூச்சு சாம்பல் பெயின்ட் அடித்தான். மேரியிடம் சொல்லவில்லை.

பதினாலாம் நம்பர் பிரஸ்ஸில்தான் சின்னதுரை வேலை பார்த்தான்.

பிரஸ் ஷாப்பில் எல்லோரும் செய்கிறதுதான். இரண்டு பட்டனையும் அமுக்கிக்கொண்டிருந்தால் ஷிப்டுக்குச் சொன்ன உருப்படி வராது. செட்டர் ஒரு பட்டனை ரப்பரால் கட்டிக் கொடுப்பான். ஒரு கையால் அமுக்கி, மறுகையால் தகட்டைத் தள்ளலாம். கட்டி முடித்ததும் சின்னதுரை எபினேசரின் புறங்கையில் இரண்டு தட்டுத் தட்டி, "போதும்ணே, போதும்ணே" என்பான். நன்றி சொல்கிற விதம் அது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், லோடு ஏற்ற லாரி வாசலில் நின்றது. எபினேசர் இரண்டு பட்டனையும் கட்டினான். பிரஸ் தானாகவே ஏறி இறங்க, சின்னதுரை இரண்டு கையாலும் தகடு கொடுத்தான். நாற்பது நிமிஷம் கொடுத்தான். பிறகு மணிக்கட்டோடு இரண்டு கையும் உள்ளே போயின. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வேன் பாலத்தடி நெரிசலைத் தாண்டுவதற்குள் உயிரும் போய்விட்டது.

ஆட்கள் ஓடி வருவதற்குள் எபினேசர் ரப்பரை அறுத்துப் பையில் போட்டுக்கொண்டான். விசாரித்தவர்களிடம், 'அவனே கட்டிக்கினு வேலை செஞ்சான் சார், நான் எத்தினியோ தபா சொன்னேன்' என்றான். அப்படியே எழுதிக்கொண்டார்கள். சின்னதுரை மோதிர விரலில் போட்டிருந்த செம்பு மோதிரத்தைப் பிறகு பிரஸ்ஸுக்கு அடியிலிருந்து பொறுக்கியதும் அவன்தான். நசுங்கிப் பட்டையாகிக் கிடந்தது.

மறுநாள் காலை இடது பட்டனில் மறுபடியும் ரப்பர்.

இந்தத் தடவை ஈரமாக இருந்தது. மழை இல்லை. எண்ணெய் என்று நினைத்து விரலை முகர்ந்தான். எண்ணெய் வாசனையோடு வேறொன்றும் இருந்தது, கறிக்கடை மரக்கட்டையைத் தண்ணீர் ஊற்றித் தேய்க்கும்போது வருகிற வாடை. ஓடிப்போய் டூல் பாக்ஸைக் கவிழ்த்தான். அடியில், பழைய துணிக்குள், இரண்டு வருஷமாகத் தூக்கிப் போட முடியாமல் வைத்திருந்த, பிரஸ்ஸிலிருந்து அன்றைக்கு அறுத்த நாடாக்கள் இரண்டும் இல்லை. துணி மட்டும் மடித்தது மடித்தபடி இருந்தது.

அன்று முழுக்க அவனால் சோறு தின்ன முடியவில்லை. யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் எல்லாவற்றையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. மறுநாள் சபையில் அறுப்பின் பண்டிகை, இருநூறு பேருக்கு மேரிதான் பிரியாணி. மத்தியானம் சாப்பாடு போடும்போது அவள் சொன்னாள்.

"சந்தையில சுமலதாவப் பாத்தேன்யா. அதான், சின்னதுரை சம்சாரம். பழவேற்காட்டுல எறா உரிச்சிக்கினு கீதாம். எம் புருசன் தானா ரப்பர் கட்டிக்கிற ஆளே கெடையாதுக்கா, யாரோ கட்டிக் குடுத்துட்டு அவரு தலையில போட்டுட்டாங்கன்னு ஒரே அழுவ. நீ அங்கதான இருந்த? உனக்கு எதுனா தெரியுமா?"

எபினேசர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். சொல்லிவிடலாம். இப்போதே சொல்லிவிடலாம். மேரி அடிப்பாள், அழுவாள், நாலு நாள் பேசமாட்டாள்.

"எனக்கு இன்னா தெரியும்" என்றான்.

கொல்லையில் டக் என்று ஒரு சத்தம் கேட்டது. உடனே இன்னொரு டக்.

கையைக்கூடக் கழுவாமல் ஓடினான். இரண்டு பட்டனிலும் ரப்பர் கட்டியிருந்தது. இரண்டிலும் தீக்குச்சி. மெயின் சுவிட்சு ஆஃபில் இருந்ததால் பிஸ்டன் நகரவில்லை. அறுத்தான். விரலையும் சேர்த்து அறுத்துக்கொண்டான். நாடாக்களை அடுப்பில் போட்டான். ரப்பர் நெளிந்து, கொப்புளித்து, கரும்புகையாக எரிந்தது. சாம்பலாகும்வரை நின்று பார்த்தான். அப்பாடா என்று மூச்சு விட்டான். கர்த்தரே, அந்த மூச்சு அவனுக்கு எவ்வளவு நன்றாக இருந்தது!

நாலு மணிக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. காற்றில் உப்பு வாடையும், சவுக்குப் பட்டையின் புளித்த வாடையும். தகரக் கூரையில் மழை விழ ஆரம்பித்ததும் மேரி பதறினாள்.

"கட்ட நனையறதுக்குள்ள முடிச்சிடலாம் வாய்யா. நீ அமுக்கு, நான் வெக்கிறேன்."

அதுதான் தப்பு. இரண்டு பட்டன் காப்பாற்றுவது அமுக்குகிறவன் கையை மட்டும்தான். எதிரே நிற்கிறவளின் கையை அது காப்பாற்றாது. ஒரு மெஷினில் இரண்டு ஆள் நிற்கக்கூடாது என்று எத்தனை பேருக்குப் பாடம் நடத்தியிருக்கிறான். ஆனால் இரண்டு கையும் அவனுடையதுதானே, அவனை மீறி என்ன நடந்துவிடும்? மெயினைப் போட்டான். மோட்டார் உறுமியது. பிளந்தார்கள். முப்பது கட்டை, நாற்பது கட்டை. சூடான எண்ணெய் நெடி மூக்கில் ஏறியது. கட்டைகள் ஒவ்வொன்றாகக் கதறின. மேரி ஏதோ பாட்டு முனகிக்கொண்டே வைத்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஒரு புளியங்கட்டை. பாதி பிளந்து ஆப்பில் சிக்கிக்கொண்டது. அவன் கையைத் தளர்த்தினான். பிஸ்டன் பின்வாங்கியது. உள்ளங்கைகள் மட்டும் பழக்கத்தில் பட்டன்களின் மேல் சும்மா கிடந்தன.

"சனியன், வுடுதா பாரு" என்று மேரி இரண்டு கை விரல்களையும் பிளவுக்குள் விட்டு இழுத்தாள்.

அவன் கைகளின் மேல் ஏதோ அமர்ந்தது.

குளிர்ச்சி. ஈரம். முதலில் மழைத் தண்ணீர் என்றுதான் நினைத்தான். பிறகு கனம் வந்தது. அவன் உள்ளங்கைகள் மெல்ல அமுங்கின.

டக். டக்.

பிஸ்டன் நகர்ந்தது.

"யோவ், கைய எடு! விரல் மாட்டிக்கிச்சி!"

எடுத்தான். கை வரவில்லை. தோளிலிருந்து இழுத்தான். முழங்கை நெட்டி முறிந்தது. கை வரவில்லை.

ஒன்று. இரண்டு.

கட்டை நகர்ந்து அவள் விரல்களை ஆப்போடு சேர்த்து இறுக்கியது. மேரி கத்தினாள். மழையை மீறி, ரோட்டில் போகிற லாரிகளை மீறிக் கத்தினாள். மெயின் சுவிட்சு பத்தடி தள்ளி. கொல்லையில் வேறு யாரும் இல்லை. சிவப்புப் பட்டன் மூஞ்சிக்கு நேரே இருந்தது. ஒயர் இல்லை என்று தெரியும். தெரிந்தும் நெற்றியால் முட்டினான். முட்டினான். ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது.

மூன்று. நான்கு.

"எபி! அமுக்காத! எபி!"

"நான் இல்லடி! நான் அமுக்கல!"

ரத்தத்துக்குள்ளிருந்து பார்த்தான். அவன் கைகளின் மேல் இரண்டு கைகள். மணிக்கட்டு வரைக்கும்தான் இருந்தன. அதற்கு மேல் ஒன்றும் இல்லை, மழைதான் விழுந்துகொண்டிருந்தது. இடது மோதிர விரலில், சதைக்குள் பதிந்து, பட்டையாகிப்போன செம்பு மோதிரம்.

ஐந்து.

எலும்பு. முதல் சத்தம். பச்சைக் குச்சியை ஒடிக்கிற மாதிரி.

"நான்தான் கட்னேன்!" எபினேசர் அலறினான். "சின்னதுரை, நான்தான்டா கட்னேன்! ரெண்டையும் நான்தான் கட்னேன்! பொய் சொன்னேன்டா! அவள வுட்டுடு!"

மேரி கத்துவதை நிறுத்திவிட்டாள். வெளுத்த முகத்தோடு அவனைப் பார்த்தாள். அவள் கேட்டுவிட்டாள்.

ஆறு.

வலது கை மேலிருந்த கனம் லேசாகத் தூக்கியது. பட்டன் அரை நூல் மேலே வந்தது. பிஸ்டன் தயங்கி நின்றது. எபினேசர் மூச்சை அடக்கிக்கொண்டான்.

அந்தக் கை அவன் புறங்கையில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டியது. இன்னொரு தட்டு.

பிறகு மறுபடியும் அமுக்கியது.